சொந்த வீட்டில் கார் ஷெட் போடவும் அனுமதி வேண்டுமா? வேலையைத் தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை என்னென்ன?

புது கார் வந்ததும் பல வீடுகளில் அடுத்து வருவது வெல்டிங்காரர்தான். கேட்டுக்கும் வாசலுக்கும் நடுவே நாலு இரும்புத் தூண், மேலே தகர ஷீட், தரைக்கு சிமெண்ட், கேட்டுக்கு வெளியே வண்டி ஏற ஒரு ராம்ப். இரண்டு மூன்று நாளில் வேலை முடிந்துவிடும். "நம்ம இடத்துல நாம போடுறோம், இதுக்கு எதுக்கு பிளான், அப்ரூவல்?" என்பதுதான் பெரும்பாலானோரின் எண்ணம்.

ஆனால் வீட்டை விற்கும்போதோ, அதன் மேல் வங்கிக் கடன் கேட்கும்போதோ, பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுக்கும்போதோ அந்த ஷெட் சிக்கலாக வந்து நிற்கிறது. அனுமதி பெற்ற வரைபடத்தில் இல்லாத ஒரு கட்டுமானம், நல்லபடியாக அனுமதி வாங்கிக் கட்டிய வீட்டையும் 'விதிமீறல் உள்ள கட்டடம்' ஆக்கிவிடும்.

தமிழ்நாட்டில் வீட்டுக்குள் கார் நிறுத்துமிடம் கட்ட என்ன விதி? எங்கே பார்ப்பது? ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் என்ன செய்யலாம்?

இப்போது ஏன் இது முக்கியம்?

2024-ம் ஆண்டின் கடைசியில் உச்சநீதிமன்றம் அடுத்தடுத்து இரண்டு தீர்ப்புகளை வழங்கியது. இரண்டும் அனுமதியில்லாத கட்டுமானங்கள் தொடர்பானவை.

2024 நவம்பர் 13-ல் நீதிபதிகள் பி.ஆர்.கவாய், கே.வி.விஸ்வநாதன் அமர்வு, வீடுகளை இடிக்கும் முன் 15 நாள் அவகாசத்துடன் நோட்டீஸ் தர வேண்டும், உரிமையாளர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று நாடு முழுமைக்கும் வழிகாட்டுதல் கொடுத்தது. 'புல்டோசர் தீர்ப்பு' என்று பேசப்பட்டது இதுதான். அதே தீர்ப்பில் ஒரு விதிவிலக்கும் உண்டு. சாலை, தெரு, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள ஆக்கிரமிப்புக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

2024 டிசம்பர் 17-ல் நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு வழங்கிய தீர்ப்பு இன்னும் கறாரானது. உத்தரப் பிரதேச மாநிலம் மீரட்டில், குடியிருப்புக்காக ஒதுக்கப்பட்ட மனையில் கடைகள் கட்டப்பட்ட வழக்கு அது. கட்டி பல வருஷம் ஆகிவிட்டது, நிறைய பணம் செலவாகிவிட்டது, அதிகாரிகள் அப்போது தடுக்கவில்லை என்ற எந்தக் காரணமும் விதிமீறலை நியாயப்படுத்தாது என்று நீதிமன்றம் சொன்னது. கட்டடத்துக்கான சான்றுகளைச் சரிபார்த்த பிறகே வங்கிகள் கடன் தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

இன்னொரு பக்கம், வீட்டுக்குள் கார் நிறுத்த இடம் இருக்க வேண்டும் என்ற அழுத்தமும் கூடுகிறது. பார்க்கிங் இடம் இருப்பதற்கான சான்று இல்லாமல் புது காரைப் பதிவு செய்ய முடியாது என்ற நிலையைக் கொண்டுவரப் போவதாக மகாராஷ்டிர போக்குவரத்து அமைச்சர் 2025-ல் அறிவித்தார். சென்னையிலும் இப்படி ஒரு யோசனை பேசப்பட்டு வருகிறது. ஜப்பானில் இதற்கான சட்டம் 1962 முதலே இருக்கிறது. கார் வைத்திருப்பவர்கள் வீட்டுக்குள் இடம் தேடும் காலத்தில், அந்த இடத்தை விதிப்படி அமைப்பது எப்படி என்று தெரிந்துவைத்துக்கொள்வது அவசியம்.

தகர ஷெட்டும் 'கட்டடம்' தானா?

"கான்கிரீட் போட்டாத்தான் பில்டிங், தகரம் போட்டா அது கணக்குல வராது" என்று மேஸ்திரி முதல் வெல்டிங்காரர் வரை பலரும் சொல்வதுண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உள்ளாட்சிச் சட்டங்களில் 'கட்டடம்' என்ற சொல்லுக்கான விளக்கத்திலேயே கொட்டகை, குடிசை, வீட்டை ஒட்டிய தனிக் கட்டுமானம் எல்லாம் சேர்த்துத்தான் சொல்லப்படுகின்றன. அது செங்கல்லா, மரமா, மண்ணா, உலோகமா என்பது பொருட்டல்ல.

வெள்ளையடிப்பது, சுவர் பூசுவது, தரை மாற்றுவது போன்ற பராமரிப்பு வேலைகளுக்குத் தனி அனுமதி தேவையில்லை. புதிதாகத் தூண் நட்டு கூரை போடுவது பராமரிப்பு வேலை ஆகாது. அது கூடுதல் கட்டுமானம்.

திறந்தவெளியில் கார் நிற்பது வேறு, அதற்கு மேல் கூரை வருவது வேறு. காரை நிறுத்திவிட்டுத் துணி உறை போட்டு மூடினால் யாரும் கேட்கப்போவதில்லை. தூணும் கூரையும் வந்துவிட்டால் அது எங்கே இருக்கிறது, எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்ற கேள்வி வரும்.

எந்த விதி பொருந்தும்?

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019. இதுதான் இப்போது அடிப்படை. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. அதற்கு முன் சென்னைக்கு ஒரு விதி, நகராட்சிக்கு ஒரு விதி, ஊராட்சிக்கு ஒரு விதி என்று தனித்தனியாக இருந்தவை ஒன்றாக்கப்பட்டன. கிராம ஊராட்சியில் இருந்தாலும் இதே விதிதான். "இது பஞ்சாயத்து ஏரியா, இங்க ரூல் கிடையாது" என்பது சரியல்ல.

இதற்கு மேலே இருப்பது தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971. அனுமதியில்லாமல் கட்டியதை அகற்றச் சொல்ல 56-வது பிரிவும், நடந்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்தச் சொல்ல 57-வது பிரிவும் அதிகாரம் தருகின்றன.

செட்பேக்: பிரச்சினை தொடங்கும் இடம்

மனையைச் சுற்றிக் கட்டாமல் விட வேண்டிய திறந்தவெளிதான் செட்பேக். முன்பக்கம் எவ்வளவு விட வேண்டும் என்பது எதிரே உள்ள சாலையின் அகலத்தைப் பொறுத்தது. பக்கவாட்டில் எவ்வளவு என்பதற்குக் கட்டடத்தின் உயரமும் மனையின் அகலமும் கணக்கில் வரும். வெளிச்சம், காற்று வருவதற்கும், தீ விபத்து நேர்ந்தால் ஆள் சுற்றி வருவதற்கும் விடப்படும் இடம் இது.

அங்கே எதுவுமே வரக்கூடாது என்று இல்லை. சுற்றுச்சுவர், குறிப்பிட்ட அளவுக்குள் சன்ஷேடு என்று எவையெல்லாம் வரலாம் என்று விதியிலேயே ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் இல்லாதது வந்தால் விதிமீறல். 'சின்ன ஷெட் தானே' என்று ஒரு வகை அதில் தானாகச் சேர்ந்துவிடாது.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். 30 அடி அகலம், 40 அடி ஆழம் கொண்ட அரை கிரவுண்ட் மனை. அனுமதி வரைபடத்தில் முன்பக்கம் 5 அடி, ஒரு பக்கவாட்டில் 3 அடிக்குக் கொஞ்சம் மேல் விடச் சொல்லியிருப்பதாக வைத்துக்கொள்வோம்.

ஒரு கார் நிறுத்த விதி சொல்லும் அளவு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். அடியில் சொன்னால் சுமார் 8.2-க்கு 16.4. அதாவது ஏறக்குறைய 135 சதுர அடி. முன்பக்கத்து 5 அடியில் காரை நேராக நிறுத்த முடியாது. வீட்டை ஒட்டி குறுக்காக நிறுத்தலாம் என்றால், சாதாரண சின்ன காரின் அகலமே ஐந்தரை அடிக்கு மேல். பக்கவாட்டு 3 அடியில் பைக் போகலாம், கார் போகாது.

ஆக, இந்த அளவு மனையில் செட்பேக்கை மட்டும் நம்பி கார் ஷெட் போட வழியே இல்லை. வீட்டுக்காக ஒதுக்கிய இடத்திலிருந்தும் கொஞ்சம் எடுக்க வேண்டும். பெரும்பாலானோர் அப்படி எடுத்துவிட்டு, கூரையை மட்டும் காம்பவுண்ட் சுவர் வரை இழுத்துவிடுகிறார்கள். மாட்டிக்கொள்வது அங்கேதான்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. மொத்தம் 16.4 அடி ஆழம் விட்டு, அதில் உள்பக்கம் 11.4 அடிக்கு மட்டும் போர்டிகோ கூரை போட்டு, முன்னால் உள்ள 5 அடியை வானம் பார்க்க விட்டுவிடலாம். நாலு மீட்டருக்குள் இருக்கும் சின்ன காரின் நீளம் அதிகபட்சம் 13.1 அடி. கூரைக்கு வெளியே நிற்பது ஒன்றேமுக்கால் அடிதான். இதை வீட்டு வரைபடத்திலேயே காட்டிவிட்டால் பிரச்சினை முடிந்தது.

கீழ்த்தளம் முழுக்கத் தூண்கள் மேல் நிற்கும் ஸ்டில்ட் பார்க்கிங் இன்னொரு வழி. வாகனம் நிறுத்த மட்டும் பயன்படும் ஸ்டில்ட் தளம், தளப்பரப்புக் குறியீடு எனப்படும் எஃப்.எஸ்.ஐ கணக்கில் சேராது. ஆனால் பின்னால் அதைச் சுவர் வைத்து அடைத்து அறையாக்கினால் அந்தச் சலுகை போய்விடும்.

உங்கள் மனை எந்த மண்டலத்தில் இருக்கிறது?

மாஸ்டர் பிளான் உள்ள பகுதிகளில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு நிலப் பயன்பாடு குறிக்கப்பட்டிருக்கும். சென்னைப் பெருநகரத்துக்கு 2008-ல் அறிவிக்கப்பட்ட இரண்டாவது மாஸ்டர் பிளானில் முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், விவசாயம் என்று பல வகைகள் உள்ளன. உங்கள் சர்வே எண் எதில் வருகிறது என்பதை சி.எம்.டி.ஏ இணையதளத்தில் பார்க்கலாம்.

குடியிருப்பு மண்டலத்தில் கார் ஷெட்டுக்கு இதனால் பெரிய தடை வராது. ஆனால் சில இடங்களில் கூடுதல் கவனம் தேவை:

• மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்துக்குத் தடை. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு முன் அனுமதி தேவை. மாமல்லபுரம் போன்ற ஊர்களில் இது வீட்டு ஷெட்டையும் தொடும்.

• கடற்கரையோரம் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி. திருவான்மியூரிலிருந்து தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையோரப் பகுதிகளுக்கு நிலத்தடி நீர்ப் பாதுகாப்புக்கான தனிக் கட்டுப்பாடுகளும் உண்டு.

• நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளுக்குத் தனி விதிகள். அங்கே மண்ணை வெட்டிச் சமப்படுத்துவதே முதல் கேள்வியாகிவிடும்.

• அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவில் வாங்கிய மனை என்றால், முதலில் மனை வரன்முறை செய்யப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாமல் அதன் மேல் கட்டட அனுமதி கிடைக்காது.

யாரிடம், எப்படி விண்ணப்பிப்பது?

சாதாரண தனி வீட்டுக்கு நீங்கள் போக வேண்டிய இடம் உங்கள் உள்ளாட்சி அமைப்புதான். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி, எதுவாக இருந்தாலும் சரி. பெரிய கட்டடங்களுக்குத்தான் சி.எம்.டி.ஏ அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி. விண்ணப்பங்கள் இப்போது ஒற்றைச்சாளர இணையதளம் வழியாகவே போகின்றன.

இன்னும் வீடு கட்டவே தொடங்கவில்லை என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். 2024 ஜூலை 22-ல் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்த சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரையிலான, தரைத்தளம் அல்லது தரையும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்கு இணையவழியில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அலுவலகத்துக்கு அலைய வேண்டாம். கூர்ந்தாய்வுக் கட்டணமும் உள்கட்டமைப்பு, வசதிகள் கட்டணமும் இல்லை. கட்டட நிறைவுச் சான்று பெறவும் தேவையில்லை.

ஆனால் 'சுயசான்று' என்றால், விதிப்படி கட்டுகிறேன் என்று நீங்களே உறுதி கொடுக்கிறீர்கள் என்று பொருள். அதிகாரி வந்து பார்க்காமல் கிடைத்த அனுமதி என்பதால் பொறுப்பு முழுக்க உங்கள் மேல். வரைபடத்தில் கார் நிறுத்துமிடத்தை இப்போதே காட்டிவிடுங்கள். பின்னால் சேர்ப்பதைவிட இது எளிது, செலவும் குறைவு.

வீடு ஏற்கெனவே இருக்கிறது, ஷெட் மட்டும் சேர்க்க வேண்டும் என்றால், பதிவு பெற்ற பொறியாளர் அல்லது கட்டட வரைவாளர் மூலம் கூடுதல் கட்டுமானத்துக்கான வரைபடம் தயாரித்து விண்ணப்பிக்க வேண்டும். பழைய அனுமதி வரைபடம், பத்திரம், பட்டா மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பொறியாளரிடம் போவது நல்லது.

"கட்டிட்டு ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்" என்பது நடக்குமா?

அதிகம் பேர் நம்பும் வார்த்தை இது. விதிமீறல் கட்டடங்களை வரன்முறைப்படுத்த 1971 சட்டத்தில் 113-சி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது உண்மை. ஆனால் அது 2007 ஜூலை 1 வரை கட்டி முடிக்கப்பட்ட கட்டடங்களுக்கானது. நேற்று போட்ட ஷெட்டுக்கு அதில் இடமில்லை.

வரன்முறை என்பது விதிவிலக்கான சூழலில், ஒரே ஒருமுறை மட்டும் தரப்படும் சலுகையாகவே இருக்க வேண்டும் என்று 2024 டிசம்பர் தீர்ப்பும் சொல்லிவிட்டது. அதனால் 'அப்புறம் ஒரு திட்டம் வரும்' என்று காத்திருப்பது நம்பத் தகுந்த வழி அல்ல.

சொத்து வரி கட்டிவிட்டால் போதுமா? போதாது. ஷெட்டையும் சேர்த்து உள்ளாட்சி வரி வசூலித்தாலும், வரி ரசீது கட்டட அனுமதி ஆகாது. இரண்டும் வேறு வேறு.

ராம்ப்: கேட்டுக்கு வெளியே உங்கள் இடம் இல்லை

ஷெட் உள்ளே இருந்தாலும், அதற்குள் கார் ஏறுவதற்கான ராம்ப் பல வீடுகளில் தெருவில்தான் இருக்கிறது. மழைநீர் வடிகால் மேல் சிமெண்ட் சாய்தளம், சில இடங்களில் நடைபாதையையே மறைத்து.

நவம்பர் 2024 தீர்ப்பில் சொன்ன விதிவிலக்கு பொருந்துவது இங்கேதான். வீட்டுக்குள் இருக்கும் ஷெட்டுக்கு 15 நாள் நோட்டீஸ் என்ற பாதுகாப்பு உண்டு. நடைபாதையில் இருக்கும் ராம்புக்கு அது கிடையாது. வடிகால் தூர்வாரவோ சாலை போடவோ மாநகராட்சி வந்தால் முதலில் உடைபடுவதும் அதுதான்.

அதனால் ஷெட்டின் தரை மட்டத்தை முடிவு செய்யும்போதே சாய்தளத்தைக் கேட்டுக்கு உள்ளே முடித்துக்கொள்ளும்படி திட்டமிட வேண்டும். வீட்டுத் தரை எவ்வளவு உயரமோ, கார் தரையும் அவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

மின்கம்பியும் மழைநீரும்

ஷெட் போடும்போது உயிருக்கே ஆபத்தாகக்கூடிய விஷயம் மின்கம்பி. தெருவில் போகும் சாதாரண தாழ்வழுத்தக் கம்பியிலிருந்து கட்டடம் பக்கவாட்டில் 1.2 மீட்டரும், கம்பிக்குக் கீழே என்றால் 2.5 மீட்டரும் தள்ளி இருக்க வேண்டும். 11 கிலோவோல்ட் உயரழுத்தக் கம்பி என்றால் மேலே விட வேண்டிய இடைவெளி 3.7 மீட்டர். தகரக் கூரையும் இரும்புத் தூணும் மின்சாரத்தைக் கடத்தும். ஷீட்டைத் தூக்கி வைக்கும்போது முனை கம்பியில் பட்டாலே போதும். கம்பி அருகில் இருந்தால் வேலையைத் தொடங்கும் முன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது மழைநீர். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஷெட்டுக்காக முன்பக்கம் முழுக்க சிமெண்ட் போட்டால் தண்ணீர் உறிஞ்சும் குழி மூடப்படும். கூரைத் தண்ணீர் பக்கத்து வீட்டுச் சுவரில் விழும்படி சரிவு வைத்தால், புகார் வருவதற்கு அதுவே காரணமாகிவிடும். சரிவு உங்கள் பக்கமாகவும், குழாய் உங்கள் சேகரிப்புக் குழிக்கும் போகட்டும்.

மின்சார கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. வீட்டில் ஏற்கெனவே உள்ள மின் இணைப்பிலேயே சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட மின்சுமை போதுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஷெட்டைக் கடையாக்கினால்?

கார் விற்றாகிவிட்டது, ஷெட் சும்மா கிடக்கிறது, ஷட்டர் போட்டு வாடகைக்கு விடலாம் என்று தோன்றும். அங்கே மண்டல விதி நேராக வந்து நிற்கும். கார் நிறுத்த அனுமதி வாங்கிய இடம் வணிக இடமாக மாறுகிறது. நிலப் பயன்பாடு, மின் கட்டண வகை, சொத்து வரி மூன்றும் மாறும். வீட்டுக்கான பார்க்கிங் இடமும் குறைந்துபோகும். உச்சநீதிமன்றம் வரை போன மீரட் வழக்கின் அடிப்படையும் குடியிருப்பு இடத்தை வணிகமாக்கியதுதான்.

ஏற்கெனவே போட்டுவிட்டால்?

பதற வேண்டியதில்லை. முதலில் அனுமதி வரைபடத்தை எடுத்து, டேப் வைத்து அளந்து பாருங்கள். ஷெட் எத்தனை அடி செட்பேக்குக்குள் வந்திருக்கிறது என்று தெரிந்தாலே பாதி குழப்பம் தீரும். செட்பேக்கைத் தொடாத கட்டுமானம் என்றால், பொறியாளர் மூலம் திருத்திய வரைபடத்துக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று கேளுங்கள். தொடுகிறது என்றால், நாமே அந்தப் பகுதிக் கூரையை வெட்டி எடுத்துவிடுவது பாதுகாப்பானது. போல்ட் போட்டு மாட்டிய தகர ஷீட்டுக்கு இது ஒரு நாள் வேலை. கான்கிரீட் கூரைக்கு அப்படி இல்லை.

நோட்டீஸ் வந்துவிட்டால் அதை வாங்காமல் திருப்பி அனுப்புவது உதவாது. அதில் உள்ள கெடுவுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் தருவதும், வரைபடத்தோடு நேரில் விளக்குவதும்தான் உங்களுக்குள்ள உரிமை.

வேலையைத் தொடங்கும் முன்: 7 விஷயங்கள்

1. வீட்டின் அனுமதி வரைபடத்தில் முன், பின், பக்கவாட்டு செட்பேக் அளவுகள்.
2. பட்டாவும் புலப்படமும்: காம்பவுண்ட் சுவர் உண்மையிலேயே உங்கள் எல்லையில்தான் இருக்கிறதா?
3. சர்வே எண்ணின் நிலப் பயன்பாடு. தொல்லியல், கடலோரம், மலைப்பகுதி போன்ற தனிக் கட்டுப்பாடுகள்.
4. எதிரே உள்ள சாலை விரிவாக்கத் திட்டத்தில் வருகிறதா?
5. மேலேயும் பக்கத்திலும் போகும் மின்கம்பியின் தூரம்.
6. ராம்ப் கேட்டுக்கு உள்ளேயே முடிகிறதா, மழைநீர் எங்கே போகிறது?
7. உள்ளாட்சி அலுவலகத்தின் பதில் எழுத்தில். "போட்டுக்கோங்க சார், ஒண்ணும் ஆகாது" என்று வாய்மொழியாகச் சொன்னதை நாளைக்கு வங்கியிலோ நீதிமன்றத்திலோ காட்ட முடியாது.